பழைய கணனிக்கு ரெம் வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

எனது புடவைக் கடையின் காசு மேசையில் இருக்கும் கணனி 2010இல் வாங்கியது. பில் போடவும், இருப்புப் பார்க்கவும், கடனுக்கு எடுத்தவர்களின் கணக்கை வைத்திருக்கவும் அது போதுமானதாகவே இருந்தது. 2023 நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் அது எங்களைக் கைவிட்டது. ஒரு பில்லை அச்சிடச் சொன்னால் ஒரு பிளேன்டீ குடித்து முடியும் வரை யோசிக்கும். கடை நிறைய ஆட்கள், கையில் பிள்ளைகள், காசு கொடுக்க நீண்ட வரிசை. சிலர் எடுத்த துணியை மேசையிலேயே வைத்து விட்டுப் போய் விட்டார்கள். கடைசியில் பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுதினோம்.

பெருநாள் முடிந்ததும் புதுக் கணனிக்கு விலை விசாரித்தேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது வியாபாரிகள் யாருக்கும் மறந்திருக்காது. அதன் பிறகு கணனி விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாமல் சொன்னார்கள். ரெம்மைக் கூட்டினாலே போதும் என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் அதைச் செய்யப் போய் நான் இரண்டு முறை நட்டப்பட்டேன். இரண்டாவது நட்டம் காசோடு நிற்கவில்லை.

ரெம் எனப்படும் நினைவகம் என்ன வேலை செய்கிறது என்பதைப் புடவைக் கடைக்காரனின் பாஷையில் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க் என்பது கடைக்குப் பின்னால் உள்ள களஞ்சியம். ரெம் என்பது துணியை விரித்துக் காட்டும் மேசை. மேசை பெரிதாக இருந்தால் பத்துக் கட்டுகளை ஒன்றாக விரித்து வைக்கலாம். சிறிதாக இருந்தால் ஒன்றை விரிக்க இன்னொன்றைச் சுருட்டிக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கேட்டால் திரும்பக் கொண்டுவர வேண்டும். கணனியின் முன்பக்கத்துச் சிறிய விளக்கு ஓயாமல் மின்னுவது பெரும்பாலும் இந்தச் சுமப்பு வேலையால்தான். எனது கணனியில் இருந்தது 2 ஜீபீ. வாங்கும்போது விண்டோஸ் 7 போட்டிருந்தது. பின்னர் யாரோ விண்டோஸ் 10 போட்டுத் தந்தார்கள். மேசை அதே மேசை, சரக்கு மட்டும் கூடி விட்டது.

ஆனால் மெதுவாக இயங்கும் எல்லாக் கணனிக்கும் ரெம் மருந்தாகாது. முதலில் இதைப் பாருங்கள். கடையில் வேலை மும்முரமாக இருக்கும் நேரத்தில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்போமன்ஸ் என்ற பகுதிக்குப் போய் மெமரியைத் தெரிவு செய்யுங்கள். தொண்ணூறு வீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் ரெம் போதவில்லை. பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனால் டிஸ்க் நூறு வீதத்தில் நிற்கிறது என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது. அந்தக் காசை ஒரு எஸ்எஸ்டி டிஸ்க்குக்குச் செலவழியுங்கள். ரெம் போட்டால் வித்தியாசமே தெரியாது.

விண்டோஸ் 10இல் அதே பக்கத்தில் எத்தனை ஸ்லொட் இருக்கிறது, எத்தனை பாவனையில் உள்ளது, வேகம் எவ்வளவு என்பதும் வரும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் சிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்க்கலாம். என்றாலும் பழைய மதர்போட்களில் இந்தக் கணக்கு சில வேளை பிழையாக வருவதுண்டு. திறந்து கண்ணால் பார்ப்பதே நிச்சயம்.

திறப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. மின் வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தைப் போக்குங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்ட பிறகு உள்ளே கை வையுங்கள். நம் உடம்பிலுள்ள நிலைமின்சாரமே ஒரு ரெம்மைக் கெடுக்கப் போதும். இரண்டு முனையிலும் உள்ள கொழுக்கிகளை விலக்கினால் ரெம் கார்ட் தானாக மேலே எழும். அதன் ஸ்டிக்கரில்தான் எல்லாம் இருக்கிறது.

எனதில் 2 ஜீபீ, 2ஆர்எக்ஸ்8, பீசீ3-10600யூ என்று இருந்தது. பீசீ3 என்றால் அது டிடிஆர்3. பீசீ2 என்றால் டிடிஆர்2, பீசீ4 என்றால் டிடிஆர்4. 10600 என்பது வேகம், அதாவது 1333 வகை. 12800 என்றிருந்தால் 1600 வகை. கடைசியில் வரும் யூ என்ற எழுத்து சாதாரண டெஸ்க்டொப்புக்கு உரியது. எஸ் என்றால் லெப்டொப்புக்கு உரியது, நீளம் பாதிதான். ஆர் என்றால் சேர்வருக்கு உரியது. இந்த ஆர் வகை, பழைய சாமான் சந்தையில் ஆச்சரியமான மலிவு விலைக்குக் கிடைக்கும். சாதாரண மதர்போட்டில் அது வேலை செய்யாது. மலிவுக்கு அதுதான் காரணம்.

டிடிஆர்2க்கும் டிடிஆர்3க்கும் 240 பின்கள்தான், நீளமும் ஒன்றுதான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றுக்கு 1.8 வோல்ட், மற்றதற்கு 1.5 வோல்ட். மாறிப் போட முடியாதபடிதான் அந்த வெட்டை வைத்திருக்கிறார்கள். ஆகவே உட்காரவில்லை என்றால் அமுக்க வேண்டாம். அமுக்கி ஸ்லொட்டை உடைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இந்த அளவு தெரிந்து கொண்டுதான் எனது சகோதரியின் மகனைக் கொழும்புக்கு அனுப்பினேன். டிடிஆர்3, 4 ஜீபீ, புதியது ஒன்றை வாங்கி வந்தார். போட்டோம். திரை இருட்டு, பீப் பீப் என்ற சத்தம் மட்டும். "நீங்க சொன்ன நம்பர்தானே மாமா வாங்கி வந்த" என்று அவர் முகம் வாடி விட்டது. எங்கள் ஊரில் கணனி திருத்தும் தம்பியிடம் கொண்டு போனேன். அவர் ரெம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விட்டு, "நானா, ரெம்மும் பிழையில்ல, போடும் பிழையில்ல. ரெண்டுக்கும் பொருத்தமில்ல" என்றார்.

விசயம் இதுதான். எனது மதர்போட்டில் இருப்பது இன்டெலின் ஜீ41 சிப்செட். அது ஆகக் கூடியது 8 ஜீபீ ஏற்கும், ஆனால் 4 ஜீபீ கார்ட் ஒன்றில் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சிப்கள் இருக்க வேண்டும். பிற்காலத்தில் வந்த 4 ஜீபீ கார்ட்களில் எட்டே எட்டு சிப்கள், ஒவ்வொன்றும் இரட்டிப்புக் கொள்ளளவு. அந்தச் சிப்பை ஜீ41க்குப் படிக்கத் தெரியாது. ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்றால் பதினாறு, 1ஆர்எக்ஸ்8 என்றால் எட்டு. வாங்கிய கடையோ பெட்டி திறந்த சாமானைத் திருப்பி எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாம் கேட்டதைத்தான் தந்தார்கள்.

எனவே ரெம்மின் ஸ்டிக்கரோடு நிறுத்தாமல் மதர்போட்டின் மொடல் இலக்கத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். பெரும்பாலும் ஸ்லொட்களுக்கு இடையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதன் கையேட்டில் எவ்வளவு ஏற்கும் என்பது இருக்கும். பழைய 945ஜீ, ஜீ31 என்பன டிடிஆர்2இல் 4 ஜீபீயோடு நின்று விடும். எச்61 டிடிஆர்3இல் 16 ஜீபீ வரை போகும். டிடிஆர்2 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. இணையத்தில் மலிவாக விற்கும் 4 ஜீபீ டிடிஆர்2 கார்ட்களில் பல ஏஎம்டி மதர்போட்டில் மட்டும் இயங்குபவை. இன்டெல் போட்டில் சும்மா கிடக்கும்.

விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் பார்க்க வேண்டும். 32 பிட் என்றால் எட்டு ஜீபீ போட்டாலும் அது மூன்றரை அளவைத்தான் பாவிக்கும். அப்படியானால் 64 பிட்டுக்கு மாற்றுவோம் என்று உடனே இறங்கி விடாதீர்கள். தொண்ணூறுகளில் எழுதிய பழைய டொஸ் பில்லிங் மென்பொருள் இன்னும் பல கடைகளில் ஓடுகிறது. 16 பிட் மென்பொருள் எதுவும் 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்காது. பழைய டொட் மெட்ரிக்ஸ் பிரின்டரும் முரண்டு பிடிக்கலாம். உங்கள் பில்லிங் ஆளிடம் கேட்டு விட்டுத் தொடுங்கள்.

இனி இரண்டாவது நட்டம். பதினாறு சிப் கார்ட் புதிதாகக் கிடைக்காததால் பாவித்த ஒன்றை இரண்டாயிரம் ரூபாவுக்குள் வாங்கினேன். போட்டவுடன் கணனி பறந்தது. பத்து நாள் மிகவும் சந்தோசம். பதினோராம் நாள் கடன் கணக்குக் கோப்பு திறக்க மறுத்தது. அந்த ரெம்மின் ஒரு மூலையில் பழுது இருந்திருக்கிறது. கெட்ட ரெம் எப்போதும் கணனியை நிறுத்தாது. சில வேளை எழுதுவதை மட்டும் பிழையாக எழுதிக் கொண்டு மௌனமாக இருக்கும். தாங்கிக் கொள்ள முடியாத விசயம் அதுதான். எனது கடைசிப் பிரதி ஏழு வாரம் பழையது. பில் பிரதிகளை வைத்து நானும் மருமகனும் இரவிரவாக உட்கார்ந்து எழுதினோம். எல்லாம் கிடைக்கவில்லை. "எவ்வளவு தர வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று வாடிக்கையாளர்களிடம் கேட்கும் நிலைக்கு வந்தேன். பெரும்பாலானோர் நேர்மையாகவே சொன்னார்கள். ஒரு சிலரின் கணக்கு இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

ஆகவே கழற்றும் முன்பே கணக்குக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, அதை வேறு ஒரு கணனியில் திறந்து பாருங்கள். புதிய ரெம்மைப் போட்டவுடன் பில் போட ஆரம்பிக்க வேண்டாம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே மெமரி டயக்னொஸ்டிக் என்ற சோதனை உள்ளேயே இருக்கிறது. கடை மூடிய பின் அதை ஓட விட்டுப் போங்கள், அதிலுள்ள நீண்ட சோதனையைத் தெரிவு செய்யுங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்தக் கார்ட் வேண்டாம். பாவித்தது வாங்கும்போது ஒரு வாரச் செக்கிங் வொரண்டியைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ப் பேச்சு போதாது. உங்கள் பழைய கார்ட்டையும் கையோடு கொண்டு போய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

எந்தக் கணனிக்குச் செலவழிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். டிடிஆர்2 கணனிக்கு நான் இனி ஒரு சதமும் போட மாட்டேன். டிடிஆர்3 என்றால், பாவித்த கார்ட் நியாயமான விலையில் கிடைத்தால் மட்டும். 2025இன் கடைசி மாதங்களில், உற்பத்தியாளர்கள் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பக்கம் திரும்பியதால் புதிய ரெம் விலை உலகெங்கும் வேகமாக ஏறியது. ஆகவே பழைய விலையை மனதில் வைத்துக் கொண்டு போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. 2010ஆம் ஆண்டுக் கணனி விண்டோஸ் 11க்குரிய நிபந்தனைகளில் தேறாது. எனது மேசைக் கணனியை நான் இணையத்திலிருந்து கழற்றி விட்டேன். அது பில் மட்டும் போடும். வங்கி வேலைக்கு அதைத் தொடுவதில்லை.

திருத்தும் தம்பி தேடித் தந்த இரண்டு பதினாறு சிப் கார்ட்கள், சோதித்த பிறகு, இன்றும் அதில் ஓடுகின்றன. கழற்றிய பழைய 2 ஜீபீ கார்ட்டை ஒரு கடித உறையில் போட்டுக் காசு மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். என்றாவது காலையில் பீப் சத்தம் கேட்டால், முதலில் கார்ட்டைக் கழற்றிப் பொன்னிறப் பின்களை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திருப்பிப் போடுவேன். அதற்கும் எழும்பவில்லை என்றால் அந்தப் பழைய கார்ட்டைப் போட்டுப் பார்ப்பேன். பிழை ரெம்மிலா போட்டிலா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்து விடும்.