தம்பி வீடா, பி.ஜி.யா?

கேள்வி: மகளுக்கு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். எலஹங்காவில் என் தம்பி வீடு இருக்கிறது. அங்கேயே தங்கட்டுமா, பி.ஜி.யில் சேர்க்கலாமா?

பதில்: பி.ஜி.யிலேயே சேருங்கள். எலஹங்கா ஊரின் வடகோடி, எலக்ட்ரானிக் சிட்டி தென்கோடி. 2025 ஆகஸ்ட்டில் திறந்த மஞ்சள் தடத்தால் எலக்ட்ரானிக் சிட்டிக்கு மெட்ரோ வந்துவிட்டது உண்மைதான். ஆனால் உங்கள் மகள் முதலில் பஸ்ஸில் மெஜஸ்டிக் வர வேண்டும், அங்கே பச்சைத் தடம் ஏறி, ஆர்.வி. ரோட்டில் மறுபடி மாற வேண்டும். ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்தை ஒட்டிப் போகும். இப்படி அலைகிற பெண் ஆறு மணி அடித்ததும் பையைத் தூக்கத்தான் பார்ப்பாள். இன்டர்ன்ஷிப்பில் உருப்படியாகக் கற்பதோ, பரபரப்பு அடங்கிய மாலையில் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பிழையை அவர் எப்படித் தேடிப் பிடிக்கிறார் என்று பார்க்கும்போதுதான். அந்த நேரத்தை இழந்தால் மிஞ்சுவது சான்றிதழ் மட்டும்.

செலவாகுமே என்பீர்கள். ஆகும். ஆனால் பி.ஜி. வாடகையில் பெரும்பாலும் சாப்பாடும் அடக்கம், போக்குவரத்துச் செலவும் மிச்சம். (கர்நாடகத்தின் இலவச பஸ் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டுமே, இவள் டிக்கெட் எடுக்க வேண்டும்.) பாதுகாப்பு என்ற கவலை நியாயமானது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மெஜஸ்டிக்கில் பஸ்ஸுக்கு நிற்பதைவிட, அலுவலகத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் பெண்கள் விடுதி எவ்வளவோ மேல். அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போய் வரட்டும்.