ஓடுபாதை ஒன்று, பணிகள் இரண்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையோரம், செம்மண் தோட்டங்களின் நடுவே அமைந்திருப்பது பலாலி விமான நிலையம். படையினருக்கும் பயணிகளுக்கும் ஒரே ஓடுபாதை பயன்படுவது இதன் சிறப்பாகும். அதன் வரலாற்றையும் இயல்பையும் சிறிது ஆராய்வோம்.

இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் இத்தளத்தை அமைத்தனர். யுத்தம் ஓய்ந்ததும், போருக்கென இட்ட பாதை மக்களுக்கு உதவலாயிற்று. எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் 1947 டிசம்பர் 10 இல் நிகழ்ந்தது. 'சீதாதேவி' என்னும் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கு தரித்து, சென்னையை அடைந்தது.

ஓடுபாதையின் முனைகளில் 05, 23 என்னும் இலக்கங்கள் உள்ளன. இவை 50 பாகை, 230 பாகை ஆகிய திசைகளைக் குறிப்பன. அதாவது வடகிழக்கும் தென்மேற்கும் ஆகும். விமானம் எதிர்க்காற்றில் ஓடினால் விரைவில் மேலெழும். எமது குடாநாட்டில் சோளகம் தென்மேற்கிலிருந்தும், வாடை வடகிழக்கிலிருந்தும் வீசுகின்றன அல்லவா? தோணியோட்டிகள் அறிந்த காற்றே விமானத்துக்கும் துணையாகிறது.

உள்நாட்டு யுத்தத்தின்போது இத்தளம் முற்றாகப் படைத்தளமாயிற்று. 1987 இல் இந்திய அமைதிப் படையினரும் இதனைப் பயன்படுத்தினர். 1990 ஜூன் மாதத்தில் சுற்றுக் கிராமங்களின் மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தனர். தரைவழி அடைபட்ட காலங்களில் நோயாளரும் மாணவரும் இத்தளத்தினூடாகவும் கொழும்பு சென்றனர். 1998 செப்டெம்பர் 29 இல் இங்கிருந்து சென்ற பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, 55 பேர் மாண்டமை மறக்க முடியாத துயரம்.

2019 ஒக்டோபர் 17 இல் இது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னை விமானம் வந்தது. கொரோனாவால் நின்ற சேவை, 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் ஆரம்பமானது.

அதன்பின் ஒருநாள், சென்னையிலிருந்து வந்த மாமியை அழைத்துவரச் சென்றோம். என் அம்மம்மா பலாலியிற் பிறந்தவர். 1990 இல் ஒரு துணிப்பையையும் காணி உறுதியையும் மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டவர். வழியில் வாகனத்தை மெதுவாகச் செலுத்தச் சொன்னார். "அந்தப் பனையளுக்கு அங்காலதான் எங்கட கிணறு" என்று கையைக் காட்டினார். பின்னர் ஒன்றும் பேசவில்லை. மாமியைக் கண்டதும் அவரது கண்கள் கலங்கின. அது மகிழ்ச்சியாலா, துயராலா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து இங்கு வருவது சுமார் எழுபது பேர் செல்லும் சிறு விமானமே. பெரிய விமானங்கள் வரவேண்டுமாயின் நீண்ட ஓடுபாதை வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். சுற்றிலுமுள்ள நிலமோ, அம்மம்மா போன்றோர் உறுதியுடன் காத்திருக்கும் நிலம். சில காணிகள் மீண்டன. சில இன்னும் மீளவில்லை.

விமான நிலையம் எமக்குத் தேவை. பிரிந்தோரைச் சேர்த்துவைப்பது அதுவே. ஆயினும் உரியவரின் சம்மதமும் தகுந்த ஈடும் இன்றி ஒரு பரப்புக் காணியேனும் எடுக்கப்படலாகாது. விமானத்தில் வருவோர் இறங்க ஓர் இடம் வேண்டும். நடந்து சென்றோர் திரும்பவும் ஓர் இடம் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுவதே உண்மையான வளர்ச்சியாகும்.