புறவழி மட்டும் போதாது

கேள்வி: நான்குவழிச் சாலை வந்தால் எங்கள் ஊரில் வாகனப் புகை குறையுமா?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: ஓரளவு குறையும். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் கேரளத்துக்குப் போகும் லாரிகள் ஊரை விட்டு விலகிப் போனால் நல்லதுதான். ஆனால் பஸ் நிலையத்திலும் பள்ளி வாசலிலும் பிள்ளைகள் மூச்சில் ஏறுவது உள்ளூர் வண்டிகளின் புகை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி, டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆக்கியது. புதிய வண்டிகளின் புகையையும் கட்டுப்படுத்தியது. பழைய டீசல் எஞ்சின்களை அது மாற்றவில்லை. பழைய வண்டிகள் தாமாக மாறிவிடாது; டெல்லிப் பேருந்துகள் எரிவாயுவுக்கு மாறியதே உச்ச நீதிமன்றம் விடாமல் நெருக்கியதால்தான். சென்னையில் 2025-ல் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் தடம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்; மின்சாரப் பேருந்துக்கு மிகப் பொருத்தம். அதைக் கேட்டு உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள்.