மஞ்சளும் நுரையீரலும்

மார்பில் தோன்றும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும்போது, நுரையீரலின் நல்ல திசுக்களும் சில வேளைகளில் பாதிப்படைகின்றன. சிகிச்சை முடிந்து 1 முதல் 6 மாதங்களுக்குள் வறட்டு இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல் ஆகியவை தோன்றலாம். நாளடைவில் நுரையீரல் தழும்பேறி, விரிந்து சுருங்கும் தன்மை குன்றவுங்கூடும்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் பொருள். 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குர்குமின் கலந்த உணவை உண்ட சுண்டெலிகளின் நுரையீரலில் இத்தழும்பு குறைவாகவே காணப்பட்டது. ஆயினும், மனிதரிடத்தில் இப்பயன் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

ஆகவே, கறிக்கு இடும் மஞ்சளை மருந்தென நம்பிச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். மஞ்சட்சத்து மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளாதீர்கள். இருமல் கண்டால், சாதாரணச் சளியென்று காலங்கடத்தாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முன்னர்க் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றதை மறவாது கூறுங்கள். அவ்வொரு சொல்லே நோயைச் சரியாக அறிய மருத்துவருக்குத் துணைபுரியும்.