ராத்திரி பல் விளக்குவாளா?

மகளுக்கு ஒன்பது வயதில் முன்பற்கள் இரண்டும் எடுப்பாக வந்து நின்றன. "அவ தாத்தா பல்லு, அப்படித்தான் இருக்கும்" என்று அப்பத்தாவுக்குப் பெருமை. எனக்குப் பதற்றம். சமயநல்லூரில் பஸ் ஏறி மதுரைக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கே கிளிப் மாட்டிவிடுவார்கள் என்றுதான் நினைப்பு.

பல் சீரமைப்பு டாக்டர் முழு வாய்க்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கடைவாயில் பால்பற்கள் இன்னும் விழவில்லை, கோரைப்பற்கள் எலும்புக்குள்ளேயே இருக்கின்றன, அவசரம் வேண்டாம் என்றார். எடுப்புப் பல் சீக்கிரம் உடையும், விளையாடும்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்பதோடு சரி.

எழுந்தபோது, வேடிக்கை பார்க்க வந்திருந்த ஏழு வயதுத் தம்பியை "நீயும் ஆ காட்டு" என்றார். சிகிச்சை அவனுக்குத்தான் வேண்டியிருந்தது! ஒரு பக்கம் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே இறங்கிக் கடித்தன, மேல்தாடை குறுகல். நெடுநாள் விரல் சூப்பியதும் ஒரு காரணமாம். அண்ணத்தின் நடுவே இருக்கும் இணைப்பு சின்ன வயதில் இறுகியிருக்காது, அதனால் தாடையை விரிப்பது சுலபம். வளர்ந்தபின் அதற்கே அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் சொல்வது இதற்காகத்தான் என்று பிறகுதான் புரிந்தது. அதற்குள் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் வந்திருக்கும், கடிப்பு தெரிந்துவிடும். காட்டத்தான் அந்த வயது. மாட்டுவதற்குப் பெரும்பாலும் 11, 12 ஆக வேண்டும்.

மகளுக்குப் பன்னிரண்டு ஆனது. பற்கள் தயார். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி பல் விளக்குவாளா?" நான் தலையாட்டினேன். ஈறைத் தொட்டார், ரத்தம் வந்தது. மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்கு மானம் போனது. ஆனால் அவர் செய்தது சரி. கம்பியைச் சுற்றி அழுக்கு தங்கினால், கிளிப்பைக் கழற்றும்போது பல் நேராக இருக்கும், மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருக்கும். அந்த மூன்று மாதமும் நான் நினைவூட்டவே இல்லை. அவளாக விளக்கினாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் பணம் கட்ட மனசு வந்தது.

எட்டாம் வகுப்பில் தொடங்கியது நல்லதாய்ப் போயிற்று. ஏறக்குறைய இரண்டு வருடம், மாதம் ஒரு நடை. பத்தாவதில் தொடங்கியிருந்தால் பாதியில் ஹாஸ்டலுக்குப் போயிருப்பாள்.

கம்பியை முறுக்கிய முதல் இரண்டு மூன்று நாள் வலிக்கும். கஞ்சி, சாம்பாரில் ஊறிய இட்லி. கம்பி கன்னத்தில் குத்தினால் ஒட்டிக்கொள்ள மெழுகு தருவார்கள். கொய்யாவை நறுக்கித்தான் தர வேண்டும். கடலைமிட்டாய் கூடவே கூடாது. ஒருநாள் திருட்டுத்தனமாகத் தின்று ஒரு பிராக்கெட் பெயர்ந்து வந்தது. பொங்கலுக்குத்தான் பாவம். அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து கரும்பு வந்து வாசலில் சாய்ந்து நிற்க, தம்பி கடித்துத் துப்புவதை உட்கார்ந்து பார்த்தாள்.

கழற்றிய பிறகு ரிட்டெய்னர். போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் அதைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் மரியாதையாக இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தாள். மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைத் தொட்டியில் நானும் அவளும் முக்கால் மணி நேரம் தேடினோம்.