மலையடியிலிருந்து தீவுக்கு

நுழையும்முன்

பயணம் அறிவை விரிவாக்கும். ஆனால், செல்லும் நிலத்தின் இயல்பை அறியாமல் மேற்கொள்ளும் பயணம் துன்பத்தில் முடிவதும் உண்டு. மலைக்கு ஓர் ஒழுங்கு, கடலுக்கு ஓர் ஒழுங்கு. மேற்கு மலையடியில் உள்ள தேவாரத்திலிருந்து கிழக்குக் கடலில் உள்ள பாம்பன் தீவுக்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவற்றை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மலை தந்த பாடம்

தேனி மாவட்டத்தின் உத்தமபாளையம் வட்டத்தில், ஏலமலைச் சரிவின் அடியில் அமைந்துள்ள பேரூர் தேவாரம். இங்கும் போடிநாயக்கனூரிலும் வாழும் தொழிலாளர் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். எந்த வளைவில் மூடுபனி இறங்கும், எந்த ஓடையில் திடீரென வெள்ளம் பெருகும், எந்த மாதத்தில் புல் காய்ந்து தீப்பற்றும் என்பதை அவர்கள் நன்கறிவர். அவ்வறிவு நூலில் கற்றதன்று, தலைமுறைகளாகக் கைவந்தது.

அவ்வறிவைக் கேட்டறியாமல் மலையேறுவோர்க்கு நேரும் இடரை 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் இப்பகுதி கண்டது. கோடைத் தொடக்கத்தில் குரங்கணி மலைப்பகுதிக்கு மலையேற்றம் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்வெளி எவ்வளவு விரைவில் எரியும் என்பதும், தீ சரிவில் மேல்நோக்கி விரைந்து பரவும் என்பதும் மலையில் வாழ்வோர்க்குத் தெரிந்த செய்திகள். வெளியிலிருந்து வருவோர்க்கோ அவை புதியவை.

மலையூர் இளைஞர் கடலுக்குச் செல்லும்போது அவரும் அவ்வாறு வெளியிலிருந்து வருபவரே. தோட்டக் கிணற்றில் குதித்து நீந்தியவர்க்கும் கொட்டகுடி ஆற்றில் விளையாடியவர்க்கும் கடல் புதிது. கிணற்று நீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல்நீரோ இழுத்துச் செல்லும். இந்த வேறுபாட்டை உணர்வதே தீவுப் பயணத்தின் முதல் ஆயத்தம்.

ஆற்றின் வழியே

மலையடியிலிருந்து தீவுக்குச் செல்லும் வழி, ஒருவகையில் ஆறு சென்ற வழியே ஆகும். குரங்கணிப் பகுதியில் பிறக்கும் கொட்டகுடி ஆறு தேனியருகே வைகையுடன் கலக்கிறது. வருசநாட்டு மலையில் தோன்றும் வைகை மதுரையைக் கடந்து, இராமநாதபுரத்துக் கண்மாய்களை நிரப்பி, வெள்ளம் மிகுந்த காலத்தில் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணையை அடைகிறது. பயணியும் குறிஞ்சி நிலத்தில் புறப்பட்டு, மருத வயல்களையும் வறண்ட வெளிகளையும் தாண்டி நெய்தலை அடைகிறார்.

தேவாரத்திலிருந்து பேருந்தில் போடிநாயக்கனூரை அடையலாம். 1928இல் தொடங்கப்பெற்ற மதுரை – போடி இருப்புப்பாதையில், அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2023 ஜூன் 15 முதல் போடியிலிருந்து மீண்டும் வண்டிகள் புறப்படுகின்றன. மதுரையில் வண்டி மாறினால் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம் வழியாகத் தீவை அடையலாம். வண்டி மாறும் பயணத்தில் இணைப்பு வண்டியின் நேரத்தை முதல்நாளே உறுதி செய்துகொள்வதும், இடையில் போதிய நேரம் விடுவதும் நன்று.

மண்டபத்திற்கும் பாம்பனுக்கும் இடையே கடலைக் கடக்கும் இருப்புப்பாதைப் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேல் உழைத்த அப்பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகே, கப்பல்களுக்கு வழிவிடத் தன் நடுப்பகுதியைச் செங்குத்தாக உயர்த்தும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 முதல் பயன்பாட்டில் உள்ளது. காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.ஐத் தாண்டினால் தொடர்வண்டியை நிறுத்திவைக்கும் முறை பழைய பாலத்திலேயே இருந்தது. ஆகவே, தீவுக்குச் செல்வோர் திரும்பும் நாளை நெருக்கமாக வகுத்துக்கொள்ளலாகாது. ஒருநாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தாலும் இடர்ப்படாத வகையில் பணமும் மருந்தும் வைத்திருத்தல் வேண்டும்.

பருவம் அறிதல்

ஜூன், ஜூலைத் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் பெருமழை பொழிகிறது. மலையின் கிழக்கே அமைந்த தேவாரத்தில் காற்று மிகுதி; மழை குறைவு. தீவில் அக்காலத்தில் மழை இல்லை எனினும் தென்கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே தீவுக்கு மழை தருகிறது. புயல்கள் உருவாகும் காலமும் அதுவே. ஏப்ரல், மே திங்கள்களில் வெப்பம் மிகும். ஆகவே, ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே முதன்முறை செல்வோர்க்கு ஏற்றது.

பருவத்தை அறியாமை எத்துணைக் கொடியது என்பதற்குத் தனுஷ்கோடி சான்றாக நிற்கிறது. தீவின் தென்கிழக்கு முனையில் அமைந்த அவ்வூர் ஒருகாலத்தில் துறைமுக நகராக விளங்கியது. சென்னையிலிருந்து வரும் போட் மெயில் வண்டியில் வந்திறங்கியோர், அங்கிருந்து கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரை அடைந்தனர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் பெரும்புயல் அவ்வூரைத் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணியர் வண்டி, தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் பேரலைகளால் விழுங்கப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருள் ஒருவரும் பிழைக்கவில்லை. புயலுக்குப்பின் அவ்வூர் வாழத் தகுதியற்றதென அரசால் அறிவிக்கப்பட்டது. இடிந்த தேவாலயச் சுவரும் தொடர்வண்டி நிலையத்தின் எச்சங்களும் இன்றும் மணலில் நிற்கின்றன. அவற்றை வெறும் காட்சிப்பொருளாகக் கருதி மேலேறி விளையாடுதல் தகாது. அது பலர் உயிர்நீத்த இடம்.

அக்காலத்தில் இல்லாத வசதி இன்று உள்ளது. வானிலை அறிவிப்பு நாட்களுக்கு முன்பே வீடு தேடி வருகிறது. அதனைக் கேட்பதும் கேட்டபடி நடப்பதும் பயணியின் கடமை. முன்பணம் செலுத்திவிட்டோம் என்பதற்காகப் புயல் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது புறப்படுதல் அறிவுடைமை ஆகாது.

இரு கடல்களின் இயல்பு

தீவின் வடபுறம் பாக் நீரிணை. தென்புறம் மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும் மீனவர் அழைப்பர். ஆனால், அமைதி எப்போதும் நிலைப்பதன்று. தென்மேற்குக் காற்றில் தென்கடல் சீறும். வடகிழக்குக் காற்றில் வடகடல் சீறும். எனவே, ஒருமுறை குளித்த கரை மறுமுறையும் பாதுகாப்பானதாக இருக்கும் என்று கருதுதல் பிழை.

இரு கடல்களும் கூடும் இடம் அரிச்சல்முனை. அங்கு எதிரெதிர்த் திசைகளில் வரும் நீரோட்டங்கள் மோதுகின்றன. அடிமணல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நேற்று முழங்காலளவு ஆழம் இருந்த இடத்தில் இன்று ஆளாழம் இருக்கலாம். அங்கே நீரில் இறங்குதல் உயிருக்கு ஊறு விளைவிக்கும். கரையில் நின்று காண்பதே முறை. பிற கடற்கரைகளிலும் உள்ளூரார் குளிக்கும் இடத்திலேயே, துணையுடன், இடுப்பளவு நீருக்குள் நின்று குளித்தல் வேண்டும். நீரோட்டம் கடலுள் இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துவிடலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பின் எல்லையைக் கடந்தபின் கரை நோக்கித் திரும்புதல் வேண்டும். ஒருவர் தத்தளித்தால் நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குதித்தல் கூடாது. கயிறு, மூங்கில், காற்றடைத்த குழாய் முதலிய மிதப்பனவற்றை எறிந்து, மீனவரை உடனே அழைத்தல் வேண்டும்.

ஆழமற்ற நீரில் மணலுள் புதைந்து கிடக்கும் திருக்கைமீனின் வாலில் நச்சுமுள் உண்டு. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழைத்தவாறு நடந்தால் அது விலகிவிடும். முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைப்பது வலியைக் குறைக்கும். பின்னர் மருத்துவரை நாடுதல் வேண்டும். சொறிமுட்டை என்னும் இழுதுமீன் பட்ட இடத்தை மணலால் தேய்க்கலாகாது. கடல்நீரால் கழுவுதல் வேண்டும்.

வெயிலும் நன்னீரும்

மலையடி வெயிலில் வியர்வை விரைந்து உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். கடற்காற்றில் ஈரப்பதம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் உலராது. உடலின் வெப்பம் தணியாது. வெண்மணலும் நீர்ப்பரப்பும் ஒளியை எதிரொளிப்பதால் தோல் விரைவில் கருகும். ஆகவே, நண்பகலில் மணல்வெளியில் நடத்தலைத் தவிர்த்து, காலையும் மாலையும் வெளியே செல்லுதல் நன்று. தொப்பி, முழுக்கைப் பருத்தியாடை, குடிநீர் ஆகியன இன்றியமையாதவை. தாகம் எடுக்குமுன்பே நீர் பருகுதல் வேண்டும். இளநீரும் நுங்கும் உடலுக்கு ஏற்றவை.

தீவில் நன்னீர் அரியது. மணலில் இறங்கும் மழைநீர், அடர்த்தி மிகுந்த உவர்நீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. தனுஷ்கோடிப் பகுதியில் வாழ்வோர் மணலைச் சிறிதளவே தோண்டி அந்நீரை முகந்து கொள்கின்றனர். ஆழமாகத் தோண்டினால் உவர்நீர் மேலேறிவிடும். ஒருமுறை உவர்த்த ஊற்று எளிதில் மீளாது. விடுதியில் குழாயைத் திறந்துவிடும் பயணி, தான் வீணாக்குவது அத்தீவின் மழைச் சேமிப்பு என்பதை உணர்தல் வேண்டும்.

தொடாமல் காணல்

ஏலமலையில் அட்டை என்றால் குருதி உறிஞ்சும் உயிரி. கடலிலும் அட்டை உண்டு. அது யாரையும் கடிப்பதில்லை. கடலடி மணலை உட்கொண்டு தூய்மையாக்கி வெளியேற்றுகிறது. கடல் அட்டையும் கடற்குதிரையும் பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுகின்றன. அவற்றை எடுப்பதும் வாங்குவதும் குற்றம். நினைவுப்பொருள் வேண்டுவோர் பனையோலைப் பொருள்களை வாங்கலாம். அதனால் உள்ளூர்த் தொழிலாளர்க்கும் வருவாய் கிடைக்கும்.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை கடலில் அமைந்த 21 தீவுகளை உள்ளடக்கி, மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் இன்று நீருள் மூழ்கிவிட்டன. அலைகளைத் தடுத்து நின்ற பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் வெட்டியெடுத்தமை அதற்கு ஒரு காரணம். ஒரு துண்டுப் பவளம் சிறிதே. ஆயினும், சிறிது சிறிதாக எடுத்ததன் விளைவே இவ்விழப்பு. காட்டுக்குச் செல்ல வனத்துறையின் இசைவு தேவைப்படுவது போலவே இத்தீவுகளுக்குச் செல்லவும் இசைவு தேவை.

ஊராரும் பயணியும்

பாம்பன், தங்கச்சிமடம் முதலிய ஊர்களின் மக்கள் கடலை நம்பி வாழ்பவர்கள். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களின் உழைப்பு கடுமையானது. அவர்களைக் கேளாமல் படம் எடுத்தல் பண்பன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்கள் இனம்பெருக்கும் பொருட்டு விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அப்போது ‘மீன் இல்லையா?’ எனச் சலித்துக்கொள்ளும் பயணி, அந்த 61 நாட்களும் மீனவர் வருவாய் இழந்திருப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தலைமன்னார் முப்பது கி.மீ.க்கும் குறைந்த தொலைவில் உள்ளது. இடையே இருநாட்டுக் கடல் எல்லை ஓடுகிறது. ஆகவே, இசைவு பெற்ற படகிலன்றிக் கடலுள் செல்லலாகாது. படகில் மிதவை உடுப்பு இல்லையெனில் ஏற மறுத்தல் வேண்டும்; அதில் நாணம் தேவையில்லை. கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராடுவோர் வழுக்கும் தளத்தில் முதியோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுதல் நன்று.

நிறைவாக

பயணம் புறப்படுமுன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: இது எந்தப் பருவம்? அவ்விடத்தை நன்கறிந்தவர் யார்? அவர் சொல்வது என்ன? குரங்கணியில் தோட்டத் தொழிலாளியும் பாம்பனில் மீனவரும் இவற்றிற்கு விடை சொல்வர். ‘இன்று கடலில் இறங்க வேண்டாம், தம்பி’ என்று முதியவர் ஒருவர் கூறினால், அச்சொல்லை மதித்துக் கரையிலேயே நிற்பவர் மறுநாளும் கடலைக் காண்பார்.

தெரிந்து தெளிவோம்

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 11 வகைப்படும். 1, 2 ஆகியன தொலைவில் கடலில் உருவான காற்றழுத்தத்தையும் புயலையும் குறிக்கும். 3, 4 ஆகியன துறைமுகத்திற்கே மோசமான வானிலை வரக்கூடும் என்பதை உணர்த்தும். 5, 6, 7 ஆகியன அபாயத்தையும், 8, 9, 10 ஆகியன பெரும் அபாயத்தையும் தெரிவிக்கும். 11ஆம் எண், வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்ததைக் காட்டும்.

சொற்பொருள்

ஊறு – தீங்கு. உவர்நீர் – உப்புநீர். இசைவு – அனுமதி. நெய்தல் – கடலும் கடல் சார்ந்த இடமும். கண்மாய் – ஏரி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்குப் புதிதாக வருவோர் அறிய வேண்டிய பத்துக் குறிப்புகளை, ஊர் முதியோரிடம் கேட்டறிந்து தொகுக்க.
2. வைகை தோன்றும் இடம் முதல் கடலை நெருங்கும் இடம் வரையுள்ள ஊர்களை நிலப்படத்தில் குறிக்க.

வினாக்கள்

குறுவினா: பெண்கடல், ஆண்கடல் – பெயர்க்காரணம் தருக.

சிறுவினா: நீரோட்டத்தில் சிக்கியவர் செய்யத்தக்கன, செய்யத்தகாதன யாவை?

நெடுவினா: ‘நிலத்தை அறிந்தவரின் சொல்லே பயணிக்குக் காவல்’ – குரங்கணி, தனுஷ்கோடி நிகழ்வுகளைக் கொண்டு விளக்குக.