முதலில் லோடாகும் கோப்பை முதலில் படியுங்கள்

ஃப்ரன்ட்-எண்ட் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? கையில் கொடுத்த டிக்கெட்டைத் தொடுவதற்கு முன், புராஜெக்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் லோடாகும் சிஎஸ்எஸ் கோப்பு எது என்று கேளுங்கள். ரீசெட், நார்மலைஸ், பேஸ் என்று ஏதாவதொரு பெயரில் இருக்கும். அதைத் திறந்து வரிவரியாகப் படியுங்கள். சின்னக் கோப்புதான், ஆனால் தளத்தின் ஒவ்வொரு பக்கமும் அதன்மேல்தான் நிற்கிறது.

நீங்கள் ஒரு வரி ஸ்டைல்கூட எழுதாவிட்டாலும் பிரவுசர் சும்மா இருக்காது. பாடியைச் சுற்றி 8 பிக்சல் மார்ஜின் விடும். பக்கத்துக்கு என்ன எழுத்துரு கொடுத்திருந்தாலும் பட்டனும் இன்புட்டும் அதை எடுத்துக்கொள்ளாமல், குரோமில் 13.33 பிக்சலில் தனியாகத் தெரியும். இவற்றில் சில பிரவுசருக்குப் பிரவுசர் மாறும். 2007இல் எரிக் மேயர் வெளியிட்ட ரீசெட் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்கச் சொன்னது. பின்னர் நிக்கோலஸ் கல்லகரும் ஜொனாதன் நீலும் உருவாக்கிய நார்மலைஸ், பயனுள்ள இயல்புகளை விட்டுவைத்து வேறுபாடுகளை மட்டும் சரிசெய்தது. பூட்ஸ்ட்ராப்பின் ரீபூட் அந்த வழியில் வந்தது. டெயில்விண்டின் ப்ரீஃப்ளைட் அதற்கும் மேலே போய், தலைப்புகளின் அளவையும் பட்டியல் புள்ளிகளையும் எடுத்துவிடும்.

என்னைக் கேட்டால், நார்மலைஸ் வழிதான் பாதுகாப்பானது. துடைத்ததையெல்லாம் திரும்பக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது. ரிலீஸ் நெருக்கடியில் அது நடப்பதே இல்லை.

ஃபோகஸ் அவுட்லைனையே எடுத்துக்கொள்ளுங்கள். மேயரின் தொடக்க ரீசெட்டில் அதைச் சுழியாக்கும் ஒரு வரி இருந்தது. ஃபோகஸ் ஸ்டைலை நீங்களே வரையறுக்க மறக்காதீர்கள் என்ற குறிப்பும் கூடவே இருந்தது. பலர் வரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், குறிப்பை விட்டுவிட்டார்கள். 2011இல் வந்த இரண்டாம் பதிப்பில் மேயர் அந்த வரியையே நீக்கினார். ஆனால் பழைய நகல்கள் இன்னும் புராஜெக்டுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு உங்கள் தளத்தில் டேப் விசையை மட்டும் தட்டிப் பாருங்கள். எந்த லிங்க்கில் நிற்கிறீர்கள் என்று கண்ணுக்குத் தெரியவில்லையென்றால், கீபோர்டை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அந்தத் தளம் மூடிய கதவு. ஃபோகஸ்-விசிபிளுக்கு 2 பிக்சல் அவுட்லைன், 2 பிக்சல் ஆஃப்செட். இந்த இரண்டு வரியைப் பேஸ் கோப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பட்டியலிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. லிஸ்ட்-ஸ்டைலை நன் என்று மாற்றினால், சஃபாரியில் வாய்ஸ்ஓவர் பல இடங்களில் அதைப் பட்டியல் என்றே அறிவிக்காது. ரோல் லிஸ்ட் என்று மார்க்கப்பில் சேர்த்தால் சரியாகும். இன்புட்டின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே போனால், ஐபோனில் அதைத் தொட்டதும் பக்கம் பெரிதாகி நகர்ந்துவிடும். ரூட் எழுத்தளவைப் பிக்சலில் பூட்டாதீர்கள். பார்வை குறைந்தவர் பிரவுசரில் தனக்காக வைத்துக்கொண்ட எழுத்தளவு அதில் அடிபட்டுப் போகும்.

தமிழ்த் தளமென்றால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். சிஸ்டம் எழுத்துருவை நம்பினால் விண்டோஸில் நிர்மலா வரும், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் வரும். ஒரே பத்தி இரண்டிலும் வேறு உயரத்தில் விழும். லைன்-ஹைட்டை அலகு இல்லாமல் 1.6 அளவில் வையுங்கள். நெருக்கினால் மேல்வரியின் ‘மூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் மோதிக்கொள்ளும். நம் சொற்கள் நீளமானவை என்பதால், ஓவர்ஃப்ளோ-ராப் கொடுக்காவிட்டால் சின்ன போனில் பக்கம் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். லாங் அட்ரிபியூட்டில் ‘டிஏ’ என்று குறித்தால்தான் ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலுக்கு மாறும் என்று எதிர்பார்க்கலாம்.

பேஸ் ஸ்டைல்களைத் தனி கேஸ்கேட் லேயரில் போட்டு, அதை எல்லா லேயருக்கும் முன்னால் அறிவியுங்கள். 2022 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாம் இதை ஏற்கின்றன. காம்பொனன்ட் எழுதுபவர் இம்பார்ட்டன்ட் போட்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

இன்டர்வியூவில் ரீசெட்டுக்கும் நார்மலைஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், விளக்கத்தோடு நிறுத்தாதீர்கள். எந்த வரியை எடுப்பீர்கள், அதனால் யார் பாதிக்கப்படுவார், பதிலுக்கு எதைக் கொடுப்பீர்கள் என்று அவுட்லைனை வைத்தே சொல்லுங்கள்.

மாற்றியதை அனுப்பும் முன் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் பார்த்துவிடுங்கள். மேக் இல்லையென்றால் பக்கத்து சீட்டுக்காரரின் ஐபோன் போதும். அதில் குரோமைத் திறந்தாலும் நம் ஊரில் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட்தான்.